கோவிட் வார்டில் கழிந்த எம்.எஸ்.: ஹெர்னியாவுக்குத் தயங்கும் டாக்டருக்கு

வணக்கம் டாக்டர். 2020இல் எம்.எஸ். (அறுவை சிகிச்சை முதுநிலைப் படிப்பு) சேர்ந்து, பெரும்பகுதி கோவிட் வார்டிலேயே கழிந்து, இப்போது தாலுகா மருத்துவமனையில் ஹெர்னியா (குடலிறக்கம்) அறுவையைத் தனியாகச் செய்யத் தயங்குவதாக எழுதியிருக்கிறீர்கள்.

இது திறமைக் குறைவு அல்ல. அன்று அவசரமில்லாத அறுவைகள் தள்ளிப்போடப்பட்டன; ஜூனியர்கள் கை பழகுவதே அவற்றில்தான். போதாக்குறைக்கு, 2021 ஏப்ரலில் நடக்கவேண்டிய முதுநிலை நீட் செப்டம்பருக்குப் போய், கலந்தாய்வு 2022 ஜனவரியில்தான் தொடங்கியது. கீழே புதிய பேட்ச் வராததால் ரத்த மாதிரி எடுப்பதிலிருந்து டிஸ்சார்ஜ் எழுதுவது வரை உங்கள் தலையில்தான் விழுந்திருக்கும்.

பழைய அறுவைப் பதிவேட்டை எடுத்து, 'உதவியாளர்' என்று இருப்பதைப் பிரித்துப் பாருங்கள். ரிட்ராக்டர் (வெட்டிய இடத்தை விலக்கிப் பிடிக்கும் கருவி) பிடித்து நின்றதும் ஹெர்னியாப் பையைப் பிரித்தெடுத்ததும் ஒன்றல்ல. விந்துநாளத்துக்குச் சேதமின்றிப் பையைப் பிரிப்பதா, தொடை இடுக்கில் ஓடும் இலியோஇங்குவினல் நரம்பைக் காப்பதா, பலவீனமான இடத்தை மூடும் வலையைப் பியூபிக் டியூபர்கிளை (இடுப்பெலும்பின் முன்பக்கச் சிறு முனைப்பு) தாண்டி விரித்துத் தைப்பதா, எந்த இடத்தில் கை நிற்கிறது? மாவட்டத் தலைமை மருத்துவமனையில் தெரிந்த சீனியரிடம் அந்த ஒரு கட்டத்தை மட்டும் கேளுங்கள். 'ஹெர்னியா வரவில்லை' என்று பொதுவாகச் சொன்னால் மறுபடியும் ரிட்ராக்டர்தான் கைக்கு வரும்!

தனியாகத் தொடங்கும்போது மெலிந்த உடல், முதல்முறை வந்த, எளிதில் உள்ளே போகிற ஹெர்னியாவாகத் தேர்ந்தெடுங்கள். அறுவைக்குப் பின் திரும்ப வந்ததைப் பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுங்கள். அடைபட்டதென்றால் உடனே ஆம்புலன்ஸில் ஏற்றிவிடுங்கள். லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழி அறுவை) ஆசையை இந்த வருடம் ஒதுக்கி வையுங்கள்.