எம்.எஸ்சி. கணிதம் முடித்தால் டேட்டா சயின்ஸ் வேலை கிடைக்குமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கணிதம், புள்ளியியல், டேட்டா சயின்ஸ் படித்தவர்களும் அவர்களுடைய பெற்றோரும் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

எம்.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீட்டில் பி.எட். சேரச் சொல்கிறார்கள். எனக்கோ டேட்டா சயின்ஸ் வேலைக்குப் போக ஆசை. ஒரு பயிற்சி நிறுவனம் ஆறு மாதப் படிப்புக்கு ஒன்றரை லட்சம் கேட்கிறது, வேலை உறுதி என்கிறது. சேரலாமா?
– வாசகி, விருதுநகர்

கடன் வாங்கிச் சேராதீர்கள். வேலை உறுதி என்று வாயால் சொல்பவர்களிடம் ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். நான் பார்த்தவற்றில் "நேர்முகத் தேர்வுக்கு ஏற்பாடு செய்வோம்" என்பதைத் தாண்டி எதுவும் எழுதியிருக்காது. அவர்கள் சொல்லித்தரும் பைத்தான் (நிரல் எழுதும் மொழி), எஸ்.க்யூ.எல். (தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் மொழி), மெஷின் லேர்னிங் எல்லாமே என்.பி.டி.இ.எல். தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் பாடங்களாகக் கிடைக்கின்றன. படிக்கக் கட்டணம் கிடையாது, தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கத்தான் பணம்.

உங்களிடம் ஏற்கெனவே இருப்பது என்ன என்று பாருங்கள். லீனியர் அல்ஜீப்ரா தெரியும், நிகழ்தகவு தெரியும், ஒரு தேற்றத்தை வரி வரியாகப் பிடித்துக்கொண்டு போகும் பொறுமை இருக்கிறது, இதையெல்லாம் ஆறு மாதத்தில் யாராலும் சொல்லித்தர முடியாது. இல்லாதவை மூன்று: புள்ளியியலை நிஜமான தரவில் போட்டுப் பார்த்த அனுபவம், நிரல் எழுதும் பழக்கம், அப்புறம் வந்த விடை சரியா என்று சந்தேகப்படும் குணம். மூன்றாவதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். நேர்முகத் தேர்வுகளில் நான் விரும்பிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. நூறு பேருக்குக் கடன் கொடுத்தால் மூன்று பேர் திருப்பிக் கட்டுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், யார் கட்டமாட்டார்கள் என்று முன்கூட்டியே சொல்ல ஒரு மாடல் செய்தாயிற்று, அது 97 சதவீதம் சரியாகச் சொல்கிறது, இது நல்ல மாடலா? பாதிப் பேர் உடனே ஆமாம் என்பார்கள். ஆனால் எந்தக் கணக்கும் போடாமல் "எல்லாரும் கட்டிவிடுவார்கள்" என்று சொல்லும் மாடலுக்கும் அதே 97 சதவீதம் கிடைக்குமே! வங்கிக்குத் தெரியவேண்டியது அந்த மூன்று பேரில் எத்தனை பேரைப் பிடித்தது, பிடிக்கும்போது எத்தனை நல்லவர்களைத் தவறாக நிறுத்தியது என்பதுதான். இதை நீங்களாகவே யோசித்துச் சொல்லிவிட்டால், படித்தது விருதுநகரா மும்பையா என்று யாரும் பார்க்கமாட்டார்கள்.

பழகுவதற்கு ஒரு வேலை தருகிறேன். எல்லாருடைய பயோடேட்டாவிலும் இருக்கிற, டைட்டானிக் கப்பலில் எந்தப் பயணி பிழைத்திருப்பார் என்று கணிக்கும் பயிற்சிக் கணக்கை விட்டுவிடுங்கள். மத்திய அரசின் அக்மார்க்நெட் தளத்தில் மார்க்கெட் வாரியாக, நாள் வாரியாகக் காய்கறி விலை கிடைக்கிறது, குவிண்டாலுக்குக் குறைந்த விலை, அதிக விலை, பரவலாக விற்ற விலை என்று மூன்றும் இருக்கும். தக்காளியை எடுத்துக்கொண்டு, அடுத்த வாரம் என்ன விலை போகும் என்று சொல்லிப் பாருங்கள். விடுபட்ட நாட்களை என்ன செய்வது, திடீரென்று ஒருநாள் பத்து மடங்கு விலை பதிவாகியிருந்தால் அது நிஜமா தட்டச்சுப் பிழையா, இதற்கெல்லாம் முடிவெடுத்துத்தான் மாடலுக்கே வரமுடியும். முக்கியமாக, தரவைக் குலுக்கிப் பிரித்துச் சோதிக்காதீர்கள், அப்படிச் செய்தால் நாளைய விலையைப் பார்த்துவிட்டு இன்றைய விலையைச் சொல்வதாகிவிடும். பழைய மாதங்களில் பயிற்சி, அதற்குப் பிந்தைய மாதங்களில் சோதனை. கடைசியில், "அடுத்த வாரமும் இதே விலைதான்" என்று சும்மா சொன்னால் வரும் பிழையைவிட உங்கள் மாடலின் பிழை குறைவாக இருக்கிறதா என்று ஒப்பிட்டு, இல்லையென்றால் இல்லை என்றே எழுதுங்கள். அப்படி எழுதியிருப்பவரைத்தான் நான் முதலில் கூப்பிடுவேன்.

முதல் வேலையிலேயே டேட்டா சயின்டிஸ்ட் என்ற பெயர் கிடைப்பது அரிது. டேட்டா அனலிஸ்ட், பிசினஸ் அனலிஸ்ட், ரிஸ்க் அனலிஸ்ட் என்று விளம்பரம் வந்தால் ஒதுக்கிவிடாமல் விண்ணப்பியுங்கள், உள்ளே போனபிறகு பெயர் மாறும். பி.எட். விஷயத்தில் ஒன்றே ஒன்று: அரசுப் பள்ளியில் முதுகலை ஆசிரியர் ஆக அது வேண்டும், பாடம் நடத்துவதில் மனம் ஒன்றுகிறதென்றால் தாராளமாகப் படியுங்கள், வேலை கிடைக்காவிட்டால் இருக்கட்டுமே என்பதற்காக இரண்டு வருஷத்தைக் கொடுக்காதீர்கள்.

மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், கணக்கில் கெட்டி. பி.எஸ்சி. டேட்டா சயின்ஸ், பி.எஸ்சி. புள்ளியியல், இன்ஜினியரிங்கில் ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ், எதில் சேர்ப்பது?
– வாசகர், ஈரோடு

படிப்பின் பெயரைப் பார்க்காமல் பாடத்திட்டத்தை இறக்கிப் படியுங்கள் சார். நிகழ்தகவு, புள்ளியியல், லீனியர் அல்ஜீப்ரா மூன்றும் தனித்தனிப் பாடமாக இருக்கின்றனவா, அவற்றை நடத்த அந்தத் துறையில் படித்த ஆசிரியர்கள் இருக்கிறார்களா என்று கல்லூரிக்கே போய்க் கேளுங்கள். புதிதாகத் தொடங்கிய சில டேட்டா சயின்ஸ் துறைகளில், கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடங்களின் பெயரை மாற்றி வைத்திருப்பதைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன். நல்ல கல்லூரியில் பி.எஸ்சி. புள்ளியியல் கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன். எம்.எஸ்சி.க்குப் பிறகு எந்தப் பக்கமும் திரும்பலாம், அரசுத் தேர்வுகளுக்கும் அந்தப் பட்டம் செல்லும்.

உங்கள் பக்கத்திலேயே கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. டேட்டா சயின்ஸ் இருக்கிறது. பி.எஸ்சி. முடித்தபின் என்றால் சிறுசேரியில் உள்ள சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிட்யூட்டின் எம்.எஸ்சி. டேட்டா சயின்ஸ், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் எம்.ஸ்டாட்., ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர ஜாம் தேர்வு. எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்விலும் 2024 முதல் டேட்டா சயின்ஸ் அண்ட் ஏ.ஐ. தனித்தாளாக வந்துவிட்டது. இன்னொன்று, 2020-ல் சென்னை ஐ.ஐ.டி. தொடங்கிய ஆன்லைன் பி.எஸ். படிப்பு. ஜே.இ.இ. தேவையில்லை, அவர்களே நான்கு வாரம் பாடம் நடத்தித் தகுதித் தேர்வு வைக்கிறார்கள், கல்லூரியில் வேறு பட்டம் படித்துக்கொண்டே இதையும் படிக்கலாம், குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. சேருவது எளிது, தொடர்ந்து படித்து முடிப்பது கடினம், அதை மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பதினேழு வயதில் எடுக்கும் முடிவே கடைசி என்று பயப்பட வேண்டாம். புள்ளியியல் மேதை சி.ஆர். ராவ் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் கணிதம் முடித்து, வேலை தேடிக் கல்கத்தா போன இடத்தில்தான் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைப் பற்றித் தெரிந்துகொண்டு 1941-ல் அங்கே சேர்ந்தார். 1945-ல் அவர் எழுதிய கட்டுரையின் முடிவுகளை இன்று உலகம் முழுக்கப் புள்ளியியல் மாணவர்கள் அவர் பெயரோடு படிக்கிறார்கள்.

ஐ.டி. கம்பெனி வேண்டாம், அரசு வேலைதான் வேண்டும். பி.எஸ்சி. கணிதத்துக்கு இந்தப் பக்கம் என்ன இருக்கிறது?
– வாசகர், தஞ்சாவூர்

யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு முதலில். இதற்குப் பட்டப்படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக இருக்கவேண்டும், அல்லது புள்ளியியலில் முதுகலை வேண்டும். கணிதத்தில் எம்.எஸ்சி. என்பது மட்டும் போதாது. அறிவிக்கையை உங்கள் மார்க் ஷீட்டோடு பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டுப் பிறகு தயாராகுங்கள். எழுத்துத் தேர்வு 1,000 மதிப்பெண், அதில் 800 புள்ளியியலுக்கே, அதன்மேல் நேர்காணலுக்கு 200. அடுத்து எஸ்.எஸ்.சி. பட்டதாரிகள் தேர்வில் வரும் ஜூனியர் ஸ்டாட்டிஸ்டிகல் ஆபீசர் பதவி. பிளஸ் டூ கணக்கில் 60 சதவீதம் இருந்தால் எந்தப் பட்டதாரியும் எழுதலாம், உங்களுக்கு இதுதான் பக்கத்தில் இருக்கும் கதவு. டி.என்.பி.எஸ்.சி.யும் புள்ளியியல் பணியிடங்களுக்குத் தேர்வு நடத்துகிறது. ரிசர்வ் வங்கியில் புள்ளியியல் துறைக்கென்றே கிரேடு பி அதிகாரிகளை எடுக்கிறார்கள், அதற்குப் பொதுவாக முதுகலை வேண்டும்.

நம் பிள்ளைகள் அதிகம் யோசிக்காத ஒரு பக்கம் மருத்துவப் புள்ளியியல். வேலூர் சி.எம்.சி.யில் எம்.எஸ்சி. பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் இருக்கிறது. சென்னையில் ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம்) தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும், சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கின்றன. அந்தச் சேத்துப்பட்டு இடத்தில் 1956-ல் தொடங்கிய ஆய்வைத் தேடிப் படியுங்கள். காசநோய் வந்தால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்கவேண்டும், நல்ல சாப்பாடும் ஓய்வும் இல்லாமல் குணமாகாது என்று உலகமே நம்பிய காலம் அது. சென்னையின் ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள், ஒரு பிரிவுக்குச் சானடோரியம், இன்னொரு பிரிவுக்கு வீட்டிலிருந்தபடியே அதே மாத்திரை. ஓராண்டு கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் குணமாகியிருந்தது, நெருக்கடியான வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்குத் தொற்று கூடியதாகவும் தெரியவில்லை. 1959-ல் முடிவு வெளியானது, அதன்பிறகு உலகம் முழுக்கக் காசநோய்க்கு வீட்டிலேயே மருந்து கொடுக்கும் முறை பரவியது. யாரை எங்கே அனுப்புவது என்பதை டாக்டரின் மனசுக்கு விட்டிருந்தால், தெம்பாக இருந்தவர்களையே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள், அந்த முடிவை யாரும் நம்பியிருக்கவும் மாட்டார்கள். அந்தக் குலுக்கலைத் திட்டமிட்டு, கணக்கை நேர்மையாக வைத்திருப்பது ஒரு புள்ளியியல்காரரின் வேலை. இப்படி ஒரு வேலைக்குப் போகிற பிள்ளைகளை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

வங்கி ஒன்றின் பின்னலுவலகத்தில் மூன்று வருஷமாக எம்.ஐ.எஸ். ரிப்போர்ட் (நிர்வாகத்துக்கான கணக்கு அறிக்கை) போடுகிறேன். காலையில் எக்செல், மாலையில் மெயில். மேலே போக வழியே தெரியவில்லை.
– வாசகி, சென்னை

வெளியே தேடுவதற்கு முன்னால் உள்ளேயே பாருங்கள். நீங்கள் தினமும் அனுப்பும் ரிப்போர்ட்டை யார் வாங்கிப் பார்க்கிறார்கள், அதை வைத்து என்ன முடிவெடுக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கடன் நிலுவை ரிப்போர்ட் என்றால் பின்னால் ஒரு கிரெடிட் ரிஸ்க் குழு இருக்கும், அவர்கள் செய்யும் லாஜிஸ்டிக் ரெக்ரஷன் (ஒருவர் கடனைக் கட்டாமல் போகும் வாய்ப்பைக் கணக்கிடும் முறை) எம்.எஸ்சி. பாடத்தைவிடக் கஷ்டமில்லை. அந்தத் தரவில் எந்த நெடுவரிசை எப்போது காலியாக இருக்கும், எந்தக் கிளை தாமதமாக அனுப்பும் என்பது வெளியிலிருந்து வரும் எந்த நிபுணருக்கும் தெரியாது, உங்களுக்குத் தெரியும். முதலில் எக்செல் வேலையை எஸ்.க்யூ.எல்.லுக்கும் பைத்தானுக்கும் மாற்றி நேரத்தை மிச்சப்படுத்துங்கள், மிச்சமான நேரத்தில் அந்தக் குழுவுக்கு ஒரு சின்ன வேலை செய்துகொடுங்கள், காலியிடம் வரும்போது உங்கள் பெயர் அவர்களுக்கு ஞாபகம் வரும்.

ஆபரேஷன்ஸ் ரிசர்ச், நியூமெரிகல் மெத்தட்ஸ்தான் எனக்குப் பிடித்த பாடங்கள். டேட்டா சயின்ஸ் தவிர இவற்றுக்கு வேலையே இல்லையா?
– வாசகர், திருச்சி

இருக்கிறது, விளம்பரத்தில் அந்தப் பெயரில் வராது, அவ்வளவுதான். நாம் கல்லூரியில் மூன்றுக்கு நான்கு கட்டம் போட்டு வோகல் முறையில் கையால் போடும் டிரான்ஸ்போர்ட்டேஷன் கணக்கைத்தான், ஆயிரக்கணக்கான மாறிகளோடு, எந்தக் கிடங்கிலிருந்து எந்தக் கடைக்கு எத்தனை லாரி என்று கம்பெனிகள் தினமும் போடுகின்றன. விமானி, பணிப்பெண் டியூட்டி அட்டவணையும் இதே குடும்பம். இந்த வகைக் கணக்குகளைத் தீர்க்க 1947-ல் அமெரிக்கக் கணிதவியலாளர் டான்ட்ஸிக் கொடுத்த சிம்ப்ளெக்ஸ் முறை இன்றும் அந்த மென்பொருள்களுக்குள் ஓடுகிறது. சப்ளை செயின், பிளானிங், ஆப்டிமைசேஷன் என்று தேடிப் பாருங்கள். பைத்தானில் ஒரு சால்வரை (இந்தக் கணக்குகளுக்கு விடை கண்டுபிடிக்கும் மென்பொருள்) பழகி, உங்கள் கல்லூரியின் தேர்வு அட்டவணையையே இரண்டு தாள் ஒரே நேரத்தில் மோதாமல் போட்டுக் காட்டுங்கள். நியூமெரிகல் மெத்தட்ஸ் பிடித்தவர்களுக்கு வானிலை மாடலிங், கடலியல், வாகன வடிவமைப்பில் சிமுலேஷன் என்று இடங்கள் உண்டு. ஆனால் அங்கே பெரும்பாலும் எம்.டெக். அல்லது பிஎச்.டி. வரை படிக்கவேண்டியிருக்கும்.

ஏ.ஐ.யே நிரல் எழுதிவிடுகிறது. இனிமேல் இதைப் படித்து என்ன பயன்?
– பலர் கேட்டது

ஆரம்பநிலை வேலைகளில் ஒரு பகுதி குறையும், அதை மறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. வெறும் நிரல் எழுதுவதை மட்டும் நம்பியிருப்பவர்களுக்குச் சிரமம்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வாடிக்கையாளர் பட்டியலையும் விற்பனைப் பட்டியலையும் சேர்த்து மொத்த விற்பனை சொல் என்றால் அது நொடியில் எஸ்.க்யூ.எல். எழுதித் தந்துவிடும். ஒருவருக்கு இரண்டு முகவரி பதிவாகியிருந்தால் அவருடைய விற்பனை இரண்டு முறை கூட்டப்படும், பிழைச் செய்தி எதுவும் வராது, ஒரு தப்பான மொத்தம் அழகாக வந்து நிற்கும். சேர்ப்பதற்கு முன்னும் பின்னும் எத்தனை வரிசை இருந்தது என்று எண்ணிப் பார்க்கிறவர் அங்கே வேண்டும். கணிதம் படித்தவர்களுக்கு அந்தப் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அதனால் ஏ.ஐ.யைப் பயன்படுத்துங்கள், அடிப்படையை மட்டும் அதனிடம் ஒப்படைத்துவிடாதீர்கள்.

ஆக்சுவரி படிப்பு பற்றிச் சொல்லுங்கள்.
– வாசகி, சேலம்

காப்பீடு, ஓய்வூதியத்தில் எதிர்காலச் செலவைக் கணக்கிடும் தொழில். இந்திய ஆக்சுவரிகள் நிறுவனம் நடத்தும் ஏசெட் நுழைவுத் தேர்வைப் பிளஸ் டூ முடித்தாலே எழுதலாம். அதன்பிறகு தாள் தாளாகப் பல வருஷம் எழுதவேண்டும், பெரும்பாலானவர்கள் சில தாள்களை முடித்தவுடன் வேலையில் சேர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே மீதியை எழுதுகிறார்கள். ஒவ்வொரு தாளுக்கும் கட்டணம் உண்டு, தவறினால் மறுபடி கட்டவேண்டும். அதனால் முதலில் புள்ளியியல் தாளான சி.எஸ்.1-ஐ எழுதிப் பாருங்கள், எம்.எஸ்சி.யில் சொல்லித்தருவது அதில் நிறைய வரும், முடித்ததும் காப்பீட்டு நிறுவனங்களில் இன்டர்ன்ஷிப் கேட்கத் தொடங்கிவிடலாம்.