கடைசி மணிக்கும் சாயங்கால ரயிலுக்கும் நடுவில்

கேள்வி: அன்புள்ள அம்மா, நான் கடையம் பக்கத்துக் கிராமத்துப் பெண். அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறேன். பி.எஸ்ஸி. இயற்பியலுக்குப் பாளையங்கோட்டையில் இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று பெண்கள் கல்லூரி. கட்டுப்பாடு அதிகம், சத்தமே இருக்காது என்கிறார்கள். இன்னொன்று இருபாலரும் படிப்பது. பேச்சுப் போட்டி, நாடகம், விழா என்று எப்போதும் கலகலப்பாக இருக்குமாம். என் தோழி அங்கேதான் சேர்ந்திருக்கிறாள். படிப்பு, கட்டணம் எல்லாம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அம்மா பீடி சுற்றுகிறார். பெண்கள் கல்லூரிக்குத்தான் போக வேண்டும் என்கிறார். எனக்குக் கூச்ச சுபாவம். ஆனால் பத்தாம் வகுப்பில் ஒரு தடவை பட்டிமன்றத்தில் பேசினேன். அந்த ஆசை இன்னும் போகவில்லை. தினமும் ரயிலில் போய் வருவதாகத் திட்டம். நான் எதில் சேர?
– பெயர் வேண்டாம், கடையம்

பதில்: மகளே, இரண்டு கல்லூரிகளின் பெயரையும் எழுதியிருந்தாய். அவற்றை இங்கே போடவில்லை. இரண்டும் நல்ல கல்லூரிகள். ஒன்றைச் சொல்லி இன்னொன்றைக் குறைத்தது போல் ஆகிவிடக் கூடாது.

படிப்பு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம், அதில் உனக்குக் குழப்பம் இல்லை. இரண்டும் தன்னாட்சிக் கல்லூரிகள். பாடத்திட்டமும் வினாத்தாளும் அவரவர் தயாரிப்பது. பட்டம் கொடுப்பது இரண்டுக்குமே மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம்தான். 1990-ல் அது வருவதற்கு முன்னால் நம் பக்கத்துக் கல்லூரிகள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. என் சான்றிதழில் மதுரைதான் இருக்கிறது. நாளைக்கு நீ எம்.எஸ்ஸி.க்கு நுழைவுத் தேர்வு எழுதினாலும், டி.என்.பி.எஸ்.சி. எழுதினாலும், எந்தக் கல்லூரி என்று பார்த்து யாரும் மார்க் போடப் போவதில்லை. ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தின் 1,000 ரூபாய் எங்கே சேர்ந்தாலும் மாதாமாதம் வரும். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய அரசு தரும் உதவித்தொகையும் அப்படித்தான். அம்மாவின் பீடித் தொழிலாளர் அட்டையைத் தேடி எடுத்து வைத்துக்கொள்.

ஆக, மிச்சம் இருப்பது அங்கே இருக்கிற மனுஷர்கள்தான். "படிக்கிற பிள்ளை எங்கே போட்டாலும் படிக்கும்" என்று உன்னிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

உன் வயதில் நானும் தோழி சேர்ந்த கல்லூரியில்தான் போய்ச் சேர்ந்தேன். அவள் தாவரவியல், நான் கணிதம். கட்டடமே வேறு. காலையில் பஸ் விட்டு இறங்கினால் அப்புறம் சாயங்காலம்தான் அவளைப் பார்க்க முடியும். முதல் வாரத்தில் ஒரு நாள், வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்திருந்த பெண்களோடு நானும் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். உளுந்தஞ்சோறு, ஓரத்தில் எள்ளுத் துவையல். பக்கத்தில் இருந்தவள் துவையலை விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டே, "நீங்க என்ன ஆளுவ?" என்று கேட்டாள். என் சாதியைச் சொன்னேன். அவள் முகம்கூட மாறவில்லை. மறுநாள் நான் போனபோது, நான் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு பை இருந்தது. யாரும் அதை எடுக்கவில்லை. அந்த வருஷம் முழுக்க நூலகத்துக்குப் பின்னால் இருந்த படிக்கட்டில் தனியாகத்தான் சாப்பிட்டேன். என் மார்க் குறையவே இல்லை. ஆனால் வகுப்பில் சந்தேகம் கேட்க வாய் திறக்காத பழக்கம் அந்தப் படிக்கட்டில்தான் வந்தது. அது என்னை விட்டுப் போகப் பத்து வருஷம் ஆனது.

இதெல்லாம் அந்தக் காலம் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனையும், தடுக்க ஓடி வந்த அவன் தங்கையையும், கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்கப்புறம் அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், சாதியைக் காட்டப் பிள்ளைகள் கையில் கட்டுகிற வண்ணக் கயிற்றையே தடை செய்யச் சொன்னது. அந்த அறிக்கை அதிகம் பேசுவது பள்ளிகளைப் பற்றி. ஆனால் அந்தப் பள்ளிகளிலிருந்துதான் பிள்ளைகள் கல்லூரிக்கு வருகிறார்கள். கலகலப்பு, அமைதி என்று நீ எழுதியிருக்கிற இரண்டு வார்த்தைகளும் இதைப் பற்றி உனக்கு எதுவும் சொல்லாது. கலகலப்பான இடத்திலும் தனித்தனி வட்டம் இருக்கலாம். அமைதியான இடத்தில் எல்லோரும் ஒரே டப்பாவில் கை போடலாம்.

அதனால் நேரில் போய்ப் பார். அட்மிஷன் நாளில் வேண்டாம், அன்றைக்கு எந்தக் கல்லூரியும் கல்யாண வீடு மாதிரிதான் இருக்கும். சீனியர்களுக்கு வகுப்பு நடக்கிற ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையோ புதன்கிழமையோ போ. மதியச் சாப்பாட்டு நேரத்தில் உள்ளே இருக்க வேண்டும். எத்தனை பேர் தனியாகச் சாப்பிடுகிறார்கள், மணிக்கட்டுகளில் என்ன இருக்கிறது, ஒரே நிறக் கயிறுகள் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கின்றனவா என்று பார். நோட்டீஸ் போர்டில் பரிசு வாங்கியவர்களின் பெயர்களைப் படி. பேச்சு, கட்டுரை, நாடகம் எல்லாவற்றிலும் அதே நாலு பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன என்றால் அந்த மேடைக்குப் புதிதாக ஒருத்தி ஏறுவது கஷ்டம். பாத்ரூமுக்குள்ளேயும் போய்ப் பார்த்துவிடு. தண்ணீர் வராத பாத்ரூமுக்குப் பயந்து நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

அப்புறம், இரண்டாம் ஆண்டுப் பெண் ஒருத்தியைப் பிடித்துப் பேசு. மூன்றாம் ஆண்டுக்காரர்களுக்கு முதல் வருஷக் கஷ்டம் மறந்துபோயிருக்கும். "காலேஜ் எப்படி இருக்கு?" என்று கேட்காதே, "நல்லாருக்கு" என்றுதான் பதில் வரும். "சேர்ந்த முதல் மாசம் யாரோட உட்கார்ந்து சாப்பிட்டீங்க?" என்று கேள். அவள் உடனே சிரித்துக்கொண்டு பெயர்களைச் சொல்கிறாளா, கொஞ்சம் யோசிக்கிறாளா என்று கவனி.

இனி, உன் கடிதத்தில் நீ ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோன விஷயத்துக்கு வருகிறேன்: ரயில். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. கீழக்கடையத்தில் காலையில் செங்கோட்டை ரயிலைப் பிடிப்பாய். அம்பை, கல்லிடை, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பேட்டை தாண்டித் திருநெல்வேலி ஜங்ஷன் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கிருந்து பஸ் ஏறி, சுலோச்சனா முதலியார் பாலத்தில் ஆற்றைத் தாண்டிப் பாளைக்குப் போக வேண்டும். சாயங்காலம் இதே வழியில் திரும்பி ஓட வேண்டும். கடைசி மணி அடித்ததும் உன் கண் கடிகாரத்தில் இருக்கும்.

அந்த இரண்டாவது கல்லூரியின் கலகலப்பு எந்த நேரத்தில் நடக்கிறது? நாடக ஒத்திகையும், பேச்சுப் போட்டிக்குத் தயாராவதும், விழா வேலையும் பெரும்பாலும் வகுப்பு முடிந்த பிறகுதான். விடுதியில் இருப்பவர்களும் டவுன் பிள்ளைகளும் இருந்து செய்வார்கள். நீ அந்நேரம் சேரன்மகாதேவி ஸ்டேஷனைத் தாண்டிக்கொண்டிருப்பாய். விழா நாளில் கூட்டத்தில் நின்று கை தட்டலாம், அவ்வளவுதான். பெண்கள் கல்லூரியில் முக்கால்வாசிப் பேர் உன்னைப் போல ஊரிலிருந்து வந்து போகிறவர்கள் என்றால், அங்கே மன்றக் கூட்டத்தை மதிய இடைவேளையில்தான் வைப்பார்கள். வேறு வழியில்லை. உனக்கு அது கிடைக்கும். இதையும் இரண்டு இடத்திலும் கேட்டுத் தெரிந்துகொள்: "தமிழ் மன்றம் எத்தனை மணிக்குக் கூடும்?"

இன்னொன்று. பெண்கள் கல்லூரி என்றால் பாதுகாப்பு என்று அம்மா நினைக்கிறார், அடைப்பு என்று உன் தோழி நினைக்கிறாள். நான் அங்கே பார்த்தது வேறு. மைக் பிடிப்பது, மேடைக்கு மேஜை தூக்குவது, தலைமை தாங்குவது, சண்டை வந்தால் தீர்த்துவைப்பது எல்லாமே பெண்கள்தான். கூச்சம் உள்ள பிள்ளைக்கு அது பெரிய இடம். அதே சமயம், பையன்கள் இருக்கிறார்கள் என்ற ஒரே காரணத்துக்காக மற்றக் கல்லூரியை ஒதுக்காதே. நாளைக்கு நீ வேலை பார்க்கப் போகிற இடத்தில் அவர்களும் இருப்பார்கள்.

தினமும் ரயிலில் போய் வருவது உறுதி என்றால், பெண்கள் கல்லூரியில் சேர் என்பதுதான் என் பதில். உன் பட்டிமன்ற ஆசையை மனதில் வைத்துத்தான் சொல்கிறேன், அம்மாவின் பயத்துக்காக இல்லை. விடுதியில் இடம் கிடைத்தால் என் பதில் மாறும், அப்போது இரண்டாவது கல்லூரிதான். ஆதிதிராவிடர் நலத்துறையும் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையும் கல்லூரி மாணவிகளுக்கு இலவச விடுதிகள் நடத்துகின்றன. கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸில் போய்க் கேள். கிடைக்காது என்று நீயே முடிவு செய்துகொண்டு விட்டுவிடாதே, கேட்டுப் பார்.

ஒருவேளை சேர்ந்த பிறகு மனசு மாறினாலும், உன் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைத்துக்கொள்ளக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) விதி. கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பும் என்பது நீ எழுதிக்கொடுக்கிற தேதியைப் பொறுத்தது. அதனால் மனசு மாறினால் தள்ளிப்போடாமல் உடனே எழுதிக்கொடு.

தோழியைப் பற்றி நீ இரண்டு வரி எழுதி அடித்திருந்தாய். அடித்ததற்கு அடியிலும் படிக்க முடிந்தது, "அவ இல்லாம எப்படி" என்று. வேறு வேறு கல்லூரி என்றாலும் அதே ரயிலில்தானே இருவரும் வரப் போகிறீர்கள். போகவர இரண்டு மணி நேரத்துக்கு மேல் பேசலாம். நானும் என் தோழியும் ஒரே கல்லூரியில் இருந்து அவ்வளவு நேரம் பேசியதில்லை.

பார்க்கப் போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ. ஒரு நாள் பீடி சுற்றுகிற சுளகை இறக்கி வைத்தால் அந்த நாள் கூலி போகும், தெரியும். ஆனாலும் அவர் ஒரு தடவை அந்த மரத்தடியில் உன்னோடு உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்க்கட்டும். பக்கத்துப் பெண்கள் நகர்ந்து இடம் விடுகிறார்களா என்பதை உனக்கு முன்னால் அவர் கண்டுபிடித்துவிடுவார். போய்விட்டு வந்து எனக்கு இன்னொரு கடிதம் எழுது.