கொல்கத்தாவில் இரண்டு நாள்: எல்லோரும் பார்க்கும் இடங்களையே பார்க்கலாமா?

அலுவலக வேலையாகக் கொல்கத்தா போகிறீர்கள், வேலை முடிந்தபின் இரண்டு நாள் கையில் இருக்கிறது. "ஹவுரா பாலம், விக்டோரியா நினைவகம் எல்லாம் சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் இடங்கள், அவற்றை விட்டுவிட்டு உண்மையான கொல்கத்தாவைப் பார்" என்று நண்பர்கள் சொல்கிறார்கள், அது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சரியில்லை. முதலில் அந்த இடங்களுக்குத்தான் போங்கள். நேரம் மீந்தால் மற்றவை.

இந்தக் கேள்விக்குப் பதில் எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. நானும் அப்பாவும் கொல்கத்தா போய் வந்த சில மாதங்களுக்குப் பிறகு ஓர் உறவினர் திருமணம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் அப்பா ஹவுரா பாலத்தைப் பற்றி ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எதிர் இலையில் இருந்தவர் சில வருடங்கள் கொல்கத்தாவில் வேலை பார்த்தவர். "பாலத்தை யார்தான் பார்க்கவில்லை? வடக்குக் கொல்கத்தாவின் சந்துகளில் நடந்தீர்களா? காலேஜ் தெருவில் உட்கார்ந்து காபி குடித்தீர்களா? இல்லையென்றால் கொல்கத்தாவைப் பார்த்தேன் என்று சொல்லாதீர்கள்" என்றார். அப்பா அதற்குமேல் வாய் திறக்கவில்லை. அன்று பந்தியில் சண்டை போட முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அப்பா முப்பது வருடத்துக்கு மேல் கொதிகலன் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு எங்கே போக ஆசை என்று கேட்டபோது காசி, ராமேஸ்வரம் என்று சொல்வார் என நினைத்தோம். அவர் ஹவுரா பாலம் என்றார். பயிற்சிக் காலத்தில் வாத்தியார் ஒருவர் கரும்பலகையில் அந்தப் பாலத்தை வரைந்து பாடம் நடத்தினாராம். அன்றிலிருந்து மனதில் இருந்த ஆசை. ஹவுரா மெயிலில் போய் இறங்கி, நிலையத்தைவிட்டு வெளியே வந்ததும் எதிரே பாலம்தான் நிற்கிறது. தேட வேண்டியதில்லை. டாக்சிக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். அப்பா பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு நடக்க ஆரம்பித்துவிட்டார்.

பாலத்தின் இரு பக்கமும் அகலமான நடைபாதை உண்டு. அதில் கொஞ்ச தூரம் போனதும் அப்பா ஓர் இரும்புத் தாங்கியின் பக்கத்தில் நின்று, "உன் கையை இங்கே வை" என்றார். வைத்தேன். பாதி எலுமிச்சம்பழத்தைக் கவிழ்த்தாற்போல உருண்டையான ரிவெட் (தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் தடித்த ஆணி) தலைகள், வரிசை வரிசையாக, கண்ணுக்கு எட்டிய உயரம் வரை. பல தடவை பூசிய பெயிண்ட் அவற்றின் ஓரத்தில் தடித்துப்போயிருந்தது. லாரி ஒன்று கடந்தபோது உள்ளங்கையில் அதிர்வு தெரிந்தது. இந்தப் பாலத்தில் போல்ட் நட்டு கிடையாது, முழுக்க ரிவெட் அடித்துச் சேர்த்தது. ரிவெட்டைச் சிவக்கக் காய்ச்சி, துளையில் செருகி, மறுமுனையைச் சம்மட்டியால் அடித்துத் தலையாக்க வேண்டும். சூடு ஆற ஆற அது சுருங்கும். சுருங்கும்போது இரண்டு தகடுகளையும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பிடியெல்லாம் அந்தச் சுருக்கத்தில்தான் இருக்கிறது என்று அப்பா விளக்கினார். "ஒவ்வொன்றும் ஓர் ஆள் கையால் அடித்தது. அந்த உயரத்தில், நெருப்புத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு" என்று மேலே காட்டினார்.

பாலத்துக்குப் போன இரும்பு சுமார் 26,500 டன். அதில் 23,000 டன் டாடா நிறுவனம் இங்கேயே உருக்கிக் கொடுத்தது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம், வெளிநாட்டிலிருந்து எஃகு வருவது பெரும்பாடாக இருந்தது. 1943 பிப்ரவரியில் திறந்தபோது விழாவே எடுக்கவில்லை. ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டுவிடும் என்ற பயத்தில், இரவில், ஒரே ஒரு டிராமை ஓட்டித் திறந்தார்கள். முன்பு அங்கே இருந்தது மிதவைப் பாலம், கப்பல் வந்தால் திறந்து திறந்து மூடுவார்கள். அந்தத் தொல்லை இனி வேண்டாம் என்றுதான் ஆற்றுக்குள் ஒரு தூண்கூட நிறுத்தாமல், இரு கரையிலிருந்தும் கை நீட்டுவதுபோல் 1,500 அடி இடைவெளியைத் தாண்டியிருக்கிறார்கள். இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் பாலத்தைப் பார்த்தால், "சுற்றுலாப் பயணிகள் பார்க்கும் இடம்" என்று ஒதுக்க யாருக்காவது மனம் வருமா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பாலத்தில் வேடிக்கை பார்க்க நின்றவர்கள் நானும் அப்பாவும்தான். மற்ற எல்லோரும் வேலையாகப் போகிறவர்கள். தலையில் கூடை சுமந்தவர்கள், கோழிகளைக் கட்டித் தொங்கவிட்ட சைக்கிள்காரர்கள், ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள். கொல்கத்தா பக்கம் படியிறங்கினால் மல்லிக் காட் பூச்சந்தை. தாம்புக் கயிறு கனத்துக்குக் கோத்த செண்டுமல்லிச் சரங்களைத் தோளில் சுற்றிக்கொண்டு ஆட்கள் நம்மை இடித்துக்கொண்டு போகிறார்கள். கால் வைக்கும் இடமெல்லாம் சேறும் அழுகிய இதழும். இதைவிட உண்மையான கொல்கத்தா எந்தச் சந்துக்குள் ஒளிந்திருக்கிறது என்று அந்தப் பந்திக்காரர் எனக்குச் சொல்ல வேண்டும்.

விக்டோரியா நினைவகத்திலும் இதே கதைதான். வெளிமாநிலத்தார் கொஞ்சம் பேர். பெரும்பாலும் வங்காள மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தவர்கள், புதுப்புடவை கட்டிய பெண்கள், புல்வெளியில் ஓடும் குழந்தைகள். அவர்களுக்கும் அது வாழ்நாளில் ஒருமுறை பார்க்கும் இடம். அவர்களிடம் போய் "இது உண்மையான கொல்கத்தா இல்லை" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

"அடிமைச் சின்னத்தைப் போய்ப் பார்க்கச் சொல்கிறாயா?" என்று கருத்துப் பகுதியில் ஒருவர் கட்டாயம் கேட்பார். அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அந்தக் கட்டடத்துக்கு 1906இல் அடிக்கல் நாட்டியவர் அப்போதைய இளவரசர். அவரே மன்னர் ஐந்தாம் ஜார்ஜாக 1911இல் வந்து, தலைநகரம் இனி டெல்லி என்று அறிவித்தார். கட்டி முடித்து 1921இல் திறந்தபோது கொல்கத்தா தலைநகராகவே இல்லை. செலவான 1 கோடியே 5 லட்சம் ரூபாயும் இங்குள்ள மன்னர்களிடமும் மக்களிடமும் திரட்டிய நன்கொடை. தாஜ் மகாலுக்குப் போன அதே மக்ரானாப் பளிங்குதான் இதற்கும் வந்தது. நம் பணம், நம் கல், நம் கொத்தர்களின் உழைப்பு. அதை நாம் பார்க்காமல் யார் பார்ப்பது? குவிமாடத்தின் உச்சியில் 16 அடி உயர வெண்கலத் தேவதை நிற்கிறது. எடை 3 டன். காற்றுக்குச் சுழலும்படி பேரிங்கின் மேல் நிறுத்தியிருக்கிறார்கள். அப்பா உள்ளே இருந்த ஓவியங்களை ஒரு சுற்றில் முடித்துக்கொண்டார். வெளியே வந்து, அந்தப் பேரிங்குக்கு யார் எப்படி மேலேறிக் கிரீஸ் வைப்பார்கள் என்று யோசித்தபடி வெகுநேரம் அண்ணாந்து நின்றார். அவருக்குப் பிடித்ததை அவர் பார்த்தார். சுற்றுலா என்றால் அதுதானே?

இந்திய அருங்காட்சியகத்துக்கு அரை நாளாவது ஒதுக்குங்கள். 1814இல் தொடங்கியது, இந்தியாவிலேயே பழையது. எல்லோரும் எகிப்திய மம்மியைப் பார்க்க ஓடுகிறார்கள். ஓடுங்கள், குறையில்லை. திரும்பும்போது பார்ஹுத் கூடத்தில் நின்றுவிடுங்கள். மத்தியப் பிரதேசத்தில் ஒரு பௌத்த ஸ்தூபியைச் சுற்றியிருந்த செந்நிறக் கல்வேலி அது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1873இல் தொல்லியல் ஆய்வாளர் கன்னிங்ஹாம் அதைக் கண்டுபிடிப்பதற்குள் சுற்றுவட்டாரத்துக் கிராமத்தார் வீடு கட்டப் பாதிக் கல்லை எடுத்துப் போயிருந்தார்கள். மிஞ்சியது இங்கே இருக்கிறது.

அதில் ஒரு வட்டச் சிற்பத்தைத் தேடிப் பாருங்கள். ஜேதவனம் என்ற தோப்பைப் புத்தருக்குக் கொடுக்க விரும்பிய வணிகன், தரை முழுவதும் பொற்காசு பரப்பி அதை விலைக்கு வாங்கிய கதை. நுகம் அவிழ்த்த மாட்டு வண்டி, படுத்திருக்கும் மாடுகள், தரையில் உட்கார்ந்து சதுரக் காசுகளை ஒன்றை ஒட்டி ஒன்றாக அடுக்கும் இருவர். நடுவில் அந்த வணிகன், கையில் கெண்டியுடன், தாரை வார்க்கத் தயாராக நிற்கிறான். நம் வீட்டுக் கல்யாணத்தில் கன்னிகாதானத்துக்கு நீர் வார்ப்பதைப் போலவே! கீழே பிராமி எழுத்தில் பெயரும் விவரமும் வெட்டியிருக்கிறது. யாரும் கூட்டமாக நின்று பார்ப்பதில்லை. மூக்கு உரசும் தூரத்தில் நின்று பார்க்கலாம். எனக்கு அந்தப் பயணத்தில் இதுதான் உச்சம்.

தட்சிணேஸ்வரம் போகிற வழக்கமும் உண்டு. ராணி ராஷ்மோணி 1855இல் கட்டிய காளி கோயில், ராமகிருஷ்ணர் பூசை செய்த இடம். வரிசை நீளம். ஆற்றுப் பக்கம் இருக்கும் பன்னிரண்டு சிவன் கோயில்களையும் பார்த்துவிட்டுப் படகில் விவேகானந்தர் நிறுவிய பேலூர் மடத்துக்குப் போங்கள். அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. படித்துறைகளில் நாற்றம் தாங்காது. பாலத்தின் தாங்கிகளின் அடிப்பகுதியை வெற்றிலை பாக்கு எச்சிலே அரித்துவிட்டது என்று கண்ணாடியிழைக் கவசம் மாட்ட வேண்டி வந்திருக்கிறது. அதைப் பார்த்து அப்பாவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இரும்பு வேலை தெரிந்தவர்களுக்கு அது வயிறு எரியும் காட்சி. நகரத்தில் பல காலம் வாழ்ந்தவர்களுக்குத் தெரிவது எனக்குத் தெரியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். காலேஜ் தெருவின் புத்தகக் கடைகளையோ வடக்குக் கொல்கத்தாவின் பழைய வீடுகளையோ நான் மட்டமாகச் சொல்லவில்லை. இரண்டு நாளில் வந்து போகிறவனிடம் பத்து வருட வாழ்க்கையை எதிர்பார்க்காதீர்கள் என்பதுதான் என் வாதம்.

அந்த இரண்டு நாள் என்ற கணக்கே எங்கிருந்து வருகிறது? இதைச் சொல்லாமல் விட என்னால் முடியாது. அப்பாவை அழைத்துப் போக நான் விடுப்பு கேட்டபோது என் மேலதிகாரி கேட்ட முதல் கேள்வி, "கொல்கத்தாவில் யார் இருக்கிறார்கள்?" யாரும் இல்லை, அப்பாவுக்குப் பாலம் பார்க்க ஆசை என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். கல்யாணம், கருமாதி, ஆஸ்பத்திரி என்றால் கையெழுத்து உடனே விழும். பெற்றவரின் ஆசை என்றால் விளக்கம் கேட்பார்கள். கணக்கில் இருக்கிற விடுப்பு அது, நான் சம்பாதித்தது. அதைப் பிச்சை கேட்பதுபோல் கேட்டு, கேட்டதில் பாதியை வாங்கிக்கொண்டு போனோம். வருடக் கடைசியில் மீதி விடுப்பு வீணாகப் போனது. ஊர் பார்ப்பது பொழுதுபோகாதவர்களின் வேலை என்று நினைக்கும் அலுவலகங்கள் இருக்கும்வரை, நம்மைப் போன்றவர்கள் அவசர அவசரமாகத்தான் பார்க்க முடியும். அப்படிப் பார்த்ததற்கும் ஒருவர் வந்து பந்தியில் மதிப்பெண் போட்டால் எப்படி இருக்கும்?

இனி உங்கள் பயணத்துக்கு வருகிறேன். பாலத்தைக் காரில் கடக்காதீர்கள், ஒருமுறையாவது முழுவதும் நடந்து போங்கள். காலையில் போனால் பூச்சந்தையும் சேர்ந்து கிடைக்கும். ஹவுரா படித்துறையிலிருந்து பாக்பஜார் பக்கம் போகும் படகில் ஏறினால் பாலத்துக்கு அடியில் புகுந்து போகலாம். அடியிலிருந்து பார்க்கும்போதுதான் அதன் எலும்புக்கூடு முழுதாகத் தெரியும். திரும்புவதற்கு மெட்ரோவைப் பிடியுங்கள். 2024 மார்ச் முதல் ஹவுராவிலிருந்து எஸ்பிளனேடுக்கு ஆற்றுக்கு அடியில் ரயில் ஓடுகிறது. ஆற்றைக் கடப்பது முக்கால் நிமிடம்தான், ஆனாலும் இந்தியாவில் முதன்முதலாக ஆற்றுக்குக் கீழே போட்ட மெட்ரோப் பாதை அது. இந்தி அரைகுறையாகத் தெரிந்தாலே போதும், வழி கேட்டால் சலிக்காமல் சொல்கிறார்கள்.

விக்டோரியா நினைவகத்தின் காட்சிக்கூடங்களுக்கும் இந்திய அருங்காட்சியகத்துக்கும் திங்கட்கிழமை விடுமுறை. உங்கள் இரண்டு நாள் ஞாயிறும் திங்களுமாக அமைந்தால், ஞாயிறன்று அந்த இரண்டையும் முடித்துவிட்டு, பாலத்தையும் தட்சிணேஸ்வரத்தையும் திங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.