2011 மாடல் பொலேரோ பிக்கப்புக்கு 85 ஆயிரம் செலவு செய்து இன்ஜின் வேலை பார்க்கலாமா, வந்த விலைக்குத் தள்ளிவிடலாமா?

தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் இன்ஜினை இறக்கச் சொல்வதற்கு முன்னால் நீங்களே வண்டிக்கு அடியில் படுத்து சேஸிஸை, அதாவது வண்டி முழுவதையும் தாங்குகிற அடிச்சட்டத்தைப் பாருங்கள், அதைப் பார்க்காமல் எடுக்கிற எந்த முடிவும் பாதி முடிவுதான்.

நீங்கள் சொன்னதில் இருந்து எனக்குப் புரிந்தது இதுதான்: வண்டி புகை தள்ளுகிறது, ஆயில் குறைகிறது, மெக்கானிக் 85 ஆயிரம் ஆகும் என்கிறார், வாங்க வந்தவர் 1,60,000 ரூபாய்க்குக் கேட்கிறார். உடனே எல்லோரும் "வண்டி விலையில் பாதியைக் கொண்டுபோய் இன்ஜினில் போடுவதா" என்றுதான் கேட்பார்கள். கணக்கைப் போட வேண்டிய இடம் அது இல்லை. லோடு அடிக்கிற வண்டிக்கு, அடுத்த இரண்டு மூன்று வருடம் அது நிற்காமல் சம்பாதிக்குமா என்பதுதான் கேள்வி. இன்ஜின் போனால் செய்துகொள்ளலாம். 2523 சிசி, நாலு சிலிண்டர், எந்த ஊர் லேத் பட்டறையிலும் கை பழகின இன்ஜின் அது, பார்ட்ஸுக்கும் பஞ்சமில்லை. சேஸிஸ் அரித்துப்போனால் அதற்கு மேல் வைக்கிற ஒவ்வொரு ரூபாயும் தண்டம்.

நான் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இருந்து காய்கறி லோடு அடிக்கிறவன். என்னிடம் இருக்கிற பிக்கப் உங்களுடையதைவிடப் பழையது, இன்ஜின் வேலை பார்த்த பிறகும் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கிறது, ஏனென்றால் அடி சுத்தமாக இருக்கிறது. என் சித்தப்பா மகன் வைத்திருந்த வண்டி அதே மாடல்தான், இன்ஜின் சும்மா கிண்ணென்று இருக்கும், ஆனால் வருடக்கணக்கில் கறிக்கோழி லோடு அடித்த வண்டி. கோழி எச்சமும் கழுவுகிற தண்ணீரும் பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவில் இறங்கி நின்றிருக்கிறது. மேலே பார்த்தால் பெயிண்ட் பளபளவென்று இருக்கும். பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கைத் தாங்குகிற பிராக்கெட்டுக்குப் பக்கத்தில் சின்னச் சுத்தியலால் தட்டினேன், டங் என்று வர வேண்டிய சத்தம் பொத் என்று வந்தது. ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினால் துரு பழைய தகரக்கூரை மாதிரி செதில் செதிலாகக் கையில் விழுந்தது, உள்ளே முனை இறங்கியே போய்விட்டது. அதற்கு மேல் பட்டி வைத்து வெல்டு அடித்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னார். ஒன்றரை டன் ஏற்றிக்கொண்டு மலை இறங்குகிற வண்டியில் அந்த வெல்டை நம்பி யார் உட்காருவது? வண்டியைக் கொடுத்துவிட்டான், சரியான முடிவு.

அதனால் நீங்களும் அதேபோல் தட்டிப் பாருங்கள். பின்பக்க ஸ்பிரிங் மாட்டியிருக்கிற இடங்கள், குறுக்குச் சட்டங்கள், பாடியைப் பிடிக்கிற யூ போல்ட்டுகளுக்கு அடியில் மரம் உட்காருகிற இடம், இந்த மூன்றிலும்தான் முதலில் அரிக்கும். புதிதாகக் கருப்புப் பெயிண்ட் அடித்திருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். மீன், உப்பு, உரம், கோழி, இதில் எது முன்னால் ஏற்றியிருந்தாலும் இரண்டு மடங்கு கவனம் வேண்டும். மேல் துரு இருந்தால் பயப்பட வேண்டாம், சுரண்டினால் கெட்டி இரும்பு தெரிந்தால் போதும்.

அடி நன்றாக இருக்கிறது என்றால் அடுத்தது புகை. என்ன நிறம், எப்போது வருகிறது என்று நீங்கள் சொல்லவில்லை, ஆனால் 85 ஆயிரமா 15 ஆயிரமா என்பதை அதுதான் முடிவு செய்யும். கருப்புப் புகை என்றால் பெரும்பாலும் ஏர் ஃபில்டர், நாசில், பம்ப் செட்டிங் என்று முடிந்துவிடும், இன்ஜினைத் தொடவே வேண்டாம். வெள்ளைப் புகையோடு ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்து, ஓடும்போது குமிழ் வந்தால் ஹெட் கேஸ்கெட்டைப் பாருங்கள். நீலப் புகைதான் ஆயில் எரிவது. அதிலும் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் குப்பென்று வந்து நின்றுவிட்டால் வால்வு சீலாக இருக்கலாம், டர்போ சீல் வழியாகவும் ஆயில் போகும், இரண்டுக்கும் இன்ஜினை இறக்க வேண்டியதில்லை. ஏற்றத்தில் லோடோடு மிதிக்கும்போதெல்லாம் விடாமல் வந்து, ஐட்லிங்கில் ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தால் அங்கேயும் குபுகுபுவென்று புகை அடித்தால் ரிங்கும் (பிஸ்டனைச் சுற்றியிருக்கிற வளையம்) போரும் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்துவிட்டது, மெக்கானிக் சொல்வது சரி. கம்ப்ரஷன் செக், அதாவது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தத்தில் இறுகுகிறது என்ற சோதனை செய்து நாலு சிலிண்டருக்கும் அளவைக் காட்டச் சொல்லுங்கள். அதைக் காட்டாமல் நேராக இன்ஜினை இறக்கலாம் என்று சொல்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

இப்போது பணக் கணக்கு. புது பிக்கப் ரோட்டுக்கு வர பத்து லட்சம் பக்கம் ஆகும். 8 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, 5 வருடம் என்று வைத்தால் மாதத் தவணையே 17,400 ரூபாய் வரும். அதாவது 85 ஆயிரம் என்பது ஐந்து மாதத் தவணை. வேலை பார்த்த வண்டி ஒரு வருடம் ஒழுங்காக ஓடிவிட்டாலே போட்ட காசு வந்துவிடும், அதற்கு மேல் ஓடுவதெல்லாம் உங்கள் கையில் நிற்கும். அப்புறம் இன்னொன்று, 2025 செப்டம்பரில் சரக்கு வண்டிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்தில் இருந்து 18 ஆக இறங்கியது. புது வண்டி விலை இறங்கினால் பழைய வண்டிக்குக் கேட்கிற விலையும் இறங்கத்தான் செய்யும், வேலை பார்த்து நல்ல விலைக்கு விற்கலாம் என்ற எண்ணத்தில் மட்டும் இன்ஜின் வேலையில் இறங்காதீர்கள். ஓட்டுவதாக இருந்தால்தான் அந்தச் செலவு.

எஃப்சியையும், அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்று ஆர்டிஓ தருகிற சான்றையும் கணக்கில் சேருங்கள். 8 வருடம் தாண்டினால் வருடா வருடம் எஃப்சி, அது உங்களுக்கே தெரியும். 15 தாண்டிய வண்டிக்கு 2022 ஏப்ரலில் இருந்தே கட்டணம் பல மடங்கு ஏறிவிட்டது, அதற்குப் பிறகும் கூட்டியிருக்கிறார்கள், உங்கள் வண்டி அந்த எல்லையில் நிற்பதால் இன்றைய தொகையை ஆர்டிஓ ஆபீஸில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். டெல்லியில் மாதிரி இங்கேயும் 10 வருட டீசல் வண்டியைத் தடை செய்துவிடுவார்கள் என்று சிலர் பயமுறுத்துவார்கள், தமிழ்நாட்டில் அப்படித் தடை எதுவும் இல்லை, எஃப்சி கிடைக்கிற வரை ஓட்டலாம்.

சரி, வேலை பார்ப்பது என்று ஆகிவிட்டால் அந்த 85 ஆயிரத்தில் என்னென்ன அடக்கம் என்று எழுதி வாங்குங்கள். போர், பிஸ்டன், ரிங், பேரிங் செட், ஹெட் வேலை, கிராங்க் கிரைண்டிங் தேவைப்பட்டால் அது, லேத் கூலி, எல்லாம் தனித்தனியாக. இன்ஜின் கீழே இறங்கியிருக்கும்போதே கிளட்ச் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் பின்பக்க ஆயில் சீலையும் மாற்றிவிடுங்கள், பிறகு தனியாகக் கழற்றினால் இன்னொரு கூலி. ரேடியேட்டரைக் கண்டிப்பாகக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், பலர் இதை விட்டுவிடுகிறார்கள், அடைத்துக்கொண்ட ரேடியேட்டரோடு ஓட்டினால் புது ரிங்கும் சூட்டில் போய்விடும். ரிங்கும் பேரிங்கும் கம்பெனி ஐட்டமாகவே போடுங்கள், இதில் மிச்சம் பிடித்து லாபமில்லை. வண்டி கைக்கு வந்த பிறகு முதல் ஆயிரம் கிலோமீட்டர் பாதி லோடோடு ஓட்டி, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டு அப்புறம் முழு லோடு ஏற்றுங்கள். சீசன் நேரத்தில் இதற்குப் பொறுமை இருக்காது, அதனால் மார்க்கெட் மந்தமாக இருக்கிற மாதமாகப் பார்த்து வண்டியை விடுங்கள்.

சேஸிஸ் அரித்திருந்தால் அந்த 1,60,000 ரூபாயை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அரித்த விஷயத்தை வாங்குகிறவருக்குக் காட்டிவிட்டே கொடுங்கள், அவரும் லோடு ஏற்றி ஓட்டப்போகிறவர். ஆர்சி பேர் மாறாமல் வண்டியை விடாதீர்கள், நாளைக்கு விபத்து நடந்தால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். உடைப்பதற்குத்தான் போகிறது என்றால் காயலான் கடைக்குத் தள்ளாமல் பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுத்து சர்டிஃபிகேட் வாங்கி, ஆர்டிஓவில் ஆர்சியை ரத்து செய்துவிடுங்கள்.