அண்ணன் மீது ஒரு வழக்கு, 34 வருடம் கழித்து

கேள்வி: எனக்கு 43 வயது, அண்ணனுக்கு 46. எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது இருவரும் வீட்டுக்குள் பந்து விளையாடினோம். அண்ணன் எறிந்த பந்து பட்டு அலமாரிக் கண்ணாடி நொறுங்கியது. அப்பா வந்தபோது கண்ணாடிச் சில்லுகளுக்குப் பக்கத்தில் நின்றது நான். 'யார் உடைச்சது?' என்று கேட்டார். அண்ணன் என்னைக் கை காட்டினான். நான் வாயைத் திறப்பதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது: அந்த விடுமுறை முழுக்க எனக்கு வெளியே விளையாடத் தடை. இன்றைக்கும் குடும்பமாகக் கூடும்போது நான் ஒரு கண்ணாடி டம்ளரைத் தொட்டால் போதும், 'அவகிட்ட கொடுக்காதீங்க, உடைச்சிடுவா' என்பான். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரித்து வைப்பேன். பந்தை எறிந்தது நான்தான் என்று அவன் இப்போது நிஜமாகவே நம்புகிறான் என்று தோன்றுகிறது. சட்டம் படிக்கும் அவன் மகள், 'அத்தை, அடுத்த முறை எல்லோரும் சேரும்போது மாதிரி நீதிமன்றம் வைத்து முடித்துவிடலாம், நான்தான் ஜட்ஜ், பாட்டிதான் முக்கிய சாட்சி' என்கிறாள். அண்ணனும் சம்மதித்துவிட்டான். அப்பா இப்போது இல்லை. 'இவ்வளவு சின்ன விஷயத்துக்கு கோர்ட்டா?' என்கிறார் கணவர். எனக்கு ஆசையாகவும் இருக்கிறது, வேடிக்கை சண்டையாகிவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது. வைக்கலாமா?
— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்: தாராளமாக வையுங்கள். ஆனால் உங்கள் மருமகள் போட்டிருக்கும் திட்டப்படி வேண்டாம். அதில் நீதிபதி தவறு, சாட்சி தவறு, எல்லாவற்றுக்கும் மேலாகக் குற்றச்சாட்டே தவறு.

குற்றச்சாட்டிலிருந்து தொடங்குகிறேன். 'பந்தை எறிந்தது யார்?' என்பதுதான் வழக்கு என்றால், உங்களால் ஜெயிக்க முடியாது. உங்கள் அண்ணனாலும் முடியாது. சம்பவ இடத்தில் இருந்தது இரண்டே பேர், இருவரும் எதிரெதிராகச் சொல்கிறீர்கள், இருவரும் அதை மனதார நம்புகிறீர்கள். அண்ணன் பொய் சொல்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை, நம்புகிறார் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கவனிப்பு சரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 2001-இல் ஷீன், கெம்ப், ரூபின் என்ற மூன்று ஆய்வாளர்கள் இரட்டையர்களை உட்கார வைத்துப் பழைய நினைவுகளைக் கேட்டார்கள். 20 ஜோடிகளில் 14 ஜோடிகள், குறைந்தது ஒரு சம்பவத்திலாவது 'அது எனக்கு நடந்தது', 'இல்லை, எனக்குத்தான் நடந்தது' என்று முட்டிக்கொண்டன. விழுந்தது யார், அடி வாங்கியது யார் என்பதே இரண்டு பேருக்கும் பொதுச் சொத்தாகிவிடுகிறது. ஒரே வீட்டில் ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டு வளர்ந்தால் இதுதான் நடக்கும். உங்கள் அண்ணன் வேறு 34 வருடமாக டம்ளர் ஜோக்கைச் சொல்லி அந்த நினைவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், இது உங்களுக்கும் பொருந்தும். பந்து உங்கள் கையிலிருந்து போயிருக்க ஒரு சதவீத வாய்ப்புகூட இல்லை என்று நீங்கள் உறுதியாக இருக்கலாம். நினைவு தவறிப்போனவர்களும் அதே உறுதியோடுதான் இருப்பார்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தை மறுபடி படித்தால், உங்களை உறுத்துவது கண்ணாடியே இல்லை. 'நான் வாயைத் திறப்பதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது' என்கிறீர்களே, வழக்கு அங்கேதான் இருக்கிறது. அன்றைக்கே ஒரு விசாரணை நடந்திருக்கிறது. நீதிபதி உங்கள் அப்பா. ஒரே ஒரு சாட்சி, அதுவும் குற்றத்தில் சம்பந்தப்பட்டவர். குறுக்கு விசாரணை கிடையாது. எதிர்த்தரப்பை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தண்டனை உடனடி அமல். ஒரு தரப்புக்குப் பேச வாய்ப்பே கொடுக்காமல் சொன்ன தீர்ப்பு பொதுவாக நிற்காது. ஆகவே நீங்கள் போட நினைப்பது புது வழக்கு அல்ல, மேல்முறையீடு. மேல்முறையீட்டில் எறிந்தது யார் என்று நிரூபிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 'என்னைக் கேட்கவில்லை' என்று காட்டினால் போதும், பழைய தீர்ப்பு ரத்தாகிவிடும். இந்த வழக்கில் நீங்கள் ஜெயிக்கலாம். அண்ணன் தோற்காமலேயே ஜெயிக்கலாம்.

ஒரு சிக்கல் உண்டு. இப்படிப் போட்டால், கூண்டில் நிற்பவர் அண்ணன் மட்டும் இல்லை. அவசரத் தீர்ப்பு சொன்னது அப்பா. பக்கத்தில் இருந்து பார்த்தது, அல்லது அன்று மாலையே கேட்டும் சும்மா இருந்தது அம்மா. உடன்பிறந்தவர்கள் பல வருடம் சுமக்கும் மனக்குறைகளில் பெரும்பாலானவற்றுக்கு இப்படி ஒரு மூன்றாவது ஆள் உண்டு என்பது என் அனுபவம். அண்ணன் கோள் சொன்னதைவிட, அது எடுபட்டதுதான் வலிக்கும். அப்பா இல்லாத வீட்டில், எல்லோர் முன்னாலும் அம்மாவைக் கூண்டில் ஏற்றி 'அன்றைக்கு நீங்க ஏன் கேக்கல பாட்டி?' என்று பேத்தி கேட்டால், அந்த நிமிடமே வேடிக்கை முடிந்தது. அதனால் அம்மா சாட்சி வேண்டாம். அவர் பார்வையாளராக முன்வரிசையில் உட்காரட்டும். தானாக ஏதாவது சொல்ல வந்தால் சொல்லட்டும், யாரும் கேள்வி கேட்கக் கூடாது.

உங்கள் மருமகள் நீதிபதியாக இருப்பதும் சரிப்படாது. எதிர்த்தரப்பின் மகள் அவர். அப்பாவுக்குச் சாதகமாகச் சொன்னால் நீங்கள் முணுமுணுப்பீர்கள். உங்களுக்குச் சாதகமாகச் சொன்னால் அவர் வீட்டுக்குப் போய் அப்பாவோடு இருக்க வேண்டும். சட்டம் படிக்கும் பெண்ணுக்கு இந்த ஆட்சேபணையை விளக்க வேண்டியிருக்காது, சொன்னதும் சிரித்துவிட்டு ஒத்துக்கொள்வார். அவரைக் கோர்ட் அலுவலராக்குங்கள். நேரம் பார்ப்பது, 'அமைதி, அமைதி' என்பது, ஆவணங்களுக்கு எண் போடுவது எல்லாம் அவர் பொறுப்பு. உண்மையில் அந்த வேலையில்தான் ஜாலி அதிகம்.

தீர்ப்புச் சொல்ல, உறவில் எட்டு முதல் பன்னிரண்டு வயதுவரை உள்ள பிள்ளைகள் மூன்று பேரோ ஐந்து பேரோ இருந்தால் அவர்களை நடுவர் குழுவாக உட்கார வையுங்கள். ஒற்றைப்படையாக இருக்கட்டும், இழுபறி வராது. உங்கள் பிள்ளைகள், அண்ணன் பிள்ளைகள் வேண்டாம். ஒருவரைத் தனக்குச் சமமானவர்கள்தான் விசாரிக்க வேண்டும் என்ற கொள்கை 1215-இல் எழுதிய இங்கிலாந்தின் உரிமைச் சாசனமான மாக்னா கார்ட்டாவிலேயே இருக்கிறது. ஒன்பது வயதுப் பெண்ணுக்கும் பன்னிரண்டு வயதுப் பையனுக்கும் சமமானவர்கள் யார்? இந்த வாண்டுகள்தான். பெரியவர்களுக்கு 34 வருடப் பழைய கதை. அவர்களுக்கோ போன வாரம் வீட்டில் நடந்தது. கோள் சொல்வது, மாட்டிவிடுவது, கேட்காமலே திட்டு வாங்குவது பற்றியெல்லாம் அவர்களைவிட விவரம் தெரிந்த நிபுணர்கள் கிடைக்க மாட்டார்கள்.

அடுத்து, நான் மிகவும் வற்புறுத்தும் ஒரு விதி. வக்கீல்களை மாற்றிப் போடுங்கள். உங்கள் தரப்பை அண்ணன் வாதாடட்டும், அவர் தரப்பை நீங்கள் வாதாடுங்கள். முதலில் இருவரும் அவரவர் கதையை ஐந்து நிமிடம், இடையூறு இல்லாமல் சொல்ல வேண்டும். மற்றவர் கேட்டுக் குறிப்பு எடுக்க வேண்டும். அப்புறம் இடம் மாறி வாதம். 'கனம் கோர்ட்டார் அவர்களே, என் கட்சிக்காரருக்கு அப்போது ஒன்பது வயது, விடுமுறை முழுக்க ஜன்னல் வழியாக மற்ற பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்' என்று அண்ணன் வாயால் ஒருமுறை வந்தாலே, நீங்கள் கோர்ட்டுக்குப் போன காரியம் பாதி முடிந்துவிடும்.

நீங்களும் அவருக்காக நேர்மையாக வாதாட வேண்டும். அதற்கு ஒரு சட்டப் பாயிண்ட் தருகிறேன், தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். பழைய ஆங்கிலப் பொதுச் சட்டத்தில் ஏழு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குக் குற்றமே கிடையாது. ஏழிலிருந்து பதினாலு வரை, செய்வது பெரிய தப்பு என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது என்பதை எதிர்த்தரப்புதான் நிரூபிக்க வேண்டும். இங்கிலாந்தில் இந்த அனுமானத்தை 1998-இல்தான் நீக்கினார்கள். உங்கள் கட்சிக்காரருக்குச் சம்பவத்தன்று வயது பன்னிரண்டு. அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பயந்துபோன பன்னிரண்டு வயது. இதை நீங்களே எழுந்து நின்று சொல்லிப் பாருங்கள், சொல்லும்போது உங்களுக்கும் ஏதோ தோன்றும்.

கேள்வி கேட்பதில் ஒரு கவனம் தேவை. 1974-இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் மாணவர்களுக்குக் கார் விபத்துப் படம் காட்டி, வேகம் எவ்வளவு என்று கேட்டார்கள். சிலரிடம் கார்கள் 'தொட்டுக்கொண்டபோது' என்றும், சிலரிடம் 'மோதி நொறுங்கியபோது' என்றும் கேள்வியை மாற்றினார்கள். தொட்டதாகக் கேட்டவர்களின் சராசரி மதிப்பீடு மணிக்கு சுமார் 32 மைல். நொறுங்கியதாகக் கேட்டவர்களுக்கு சுமார் 41. இதேபோன்ற இன்னொரு சோதனையில், படத்தில் இல்லவே இல்லாத உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பார்த்ததாகச் சொன்னவர்கள் மற்றவர்களைவிட 'நொறுங்கிய' குழுவில்தான் அதிகம். ஆகவே 'நீங்கதானே ஓங்கி எறிஞ்சீங்க?' மாதிரிக் கேள்விகளை அலுவலர் உடனே நிராகரிக்க வேண்டும். 'அப்போது என்ன நடந்தது?' என்று மட்டும் கேட்கலாம்.

கணவர் 'சின்ன விஷயம்' என்கிறாரே, அவரைக் குறை சொல்ல மாட்டேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கண்ணாடிதான். ராய் பாமைஸ்டரும் சக ஆய்வாளர்களும் 1990-இல் ஒரே ஆட்களை இரண்டு கதை எழுதச் சொன்னார்கள்: தான் ஒருவரைக் கோபப்படுத்தியது ஒன்று, தன்னை ஒருவர் கோபப்படுத்தியது ஒன்று. செய்தவராக எழுதும்போது அது எப்போதோ முடிந்துபோன, காரணத்தோடு நடந்த சம்பவம். பட்டவராக எழுதும்போது அது இன்னும் முடியாதது, காரணமே இல்லாதது. அதே மனிதர்தான் இரண்டையும் எழுதினார். உங்கள் அண்ணனுக்கு டம்ளர் ஜோக் வெறும் ஜோக்காகத் தெரிவதும், உங்களுக்குத் தொண்டையில் சிக்குவதும் இதனால்தான். அவர் கல்நெஞ்சக்காரர் என்று அர்த்தமில்லை. சரி, அதற்காக நீங்கள் சிரித்து வைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றும் இல்லை.

சண்டையாகிவிடுமோ என்ற பயத்துக்கு வருகிறேன். நான் பார்த்தவரை இந்த மாதிரி விளையாட்டுகள் கெட்டுப்போவது மூல வழக்கினால் இல்லை, கூடச் சேரும் வழக்குகளால். கண்ணாடியில் ஆரம்பித்து, 'அப்போ மட்டுமா, படிப்பு விஷயத்திலும் அப்படித்தான்', 'கல்யாணத்தில் என்ன செய்தீங்க', 'அப்பா உடம்புக்கு முடியாமல் இருந்தப்ப யார் இருந்தது' என்று போனால், கோர்ட்டை உடனே கலைத்துவிடுங்கள். சொத்து, கல்யாணம், பெற்றோரைப் பார்த்துக்கொள்வது ஆகிய மூன்றும் இந்த நீதிமன்றத்தின் அதிகார வரம்புக்கு வெளியே என்று எழுதி ஒட்டிவிடுங்கள். அப்படி ஏதாவது உங்களுக்குள் உண்மையிலேயே புகைந்துகொண்டிருந்தால், அதை ஜோக் வேஷத்தில் கொண்டுவராதீர்கள். தனியாக, இருவராக உட்கார்ந்து பேச வேண்டியது அது. இந்த மூன்றில் உங்களுக்கு ஏதாவது இருக்கிறதா என்று இன்று இரவே நேர்மையாக யோசித்துவிடுங்கள். இருந்தால் விசாரணையை ஒத்திப்போடுங்கள்.

இருவரில் யாருக்கும் எந்த நிமிடமும் 'வாபஸ்' என்று சொல்லும் உரிமை உண்டு. சொன்னால் காரணம் கேட்கக் கூடாது. வீடியோ வேண்டாம். எடுத்தால் அது குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும், அடுத்த 34 வருடத்துக்கு இன்னொரு டம்ளர் ஜோக் தயாராகிவிடும்.

தீர்ப்பை முன்கூட்டியே எழுதி வைக்காதீர்கள். நடுவர் குழுவை முன்பே பார்த்துப் பேசவும் கூடாது, சாக்லேட் கொடுப்பது உட்பட. ஆனால் எந்த விதமான பரிகாரம் கேட்கலாம் என்பதை மனுவிலேயே எழுதலாம். அண்ணன் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மட்டும் கோராதீர்கள். நம்பாத குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்கச் சொன்னால் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பார், அது உங்களுக்கும் இனிக்காது. இரண்டே இரண்டு கேளுங்கள். ஒன்று, பழைய தண்டனை ரத்து என்ற எழுத்துபூர்வமான உத்தரவு, நடுவர்கள் கையெழுத்தோடு. இன்னொன்று, டம்ளர் ஜோக்குக்கு நிரந்தரத் தடை உத்தரவு. மீறினால் அன்றைய பாத்திரம் முழுக்க அண்ணன் கழுவ வேண்டும், கண்ணாடிச் சாமான்கள் உட்பட. வழக்கு தோற்றாலும்கூட இரண்டாவதை விட்டுக்கொடுக்காதீர்கள், உங்களுக்குத் தேவையானது அதுதான்.

இதற்கெல்லாம் முன்னால் அம்மாவிடம் நீங்கள் தனியாகப் போய்ச் சொல்லுங்கள், மருமகள் மூலமாக வேண்டாம். அப்பாவைக் குறை சொல்ல நடத்தவில்லை என்று சொல்லுங்கள். அவர் சிரித்தால் தேதி குறியுங்கள். முகம் மாறினால் விட்டுவிடுங்கள், அண்ணனிடம் ஜோக்கை நிறுத்தச் சொல்லி நேராகவே கேட்டுவிடலாம். 34 வருடத்தில் அதை ஒருமுறைகூட அவரிடம் கேட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை.