வாங்குமுன்: கைத்துப்பாக்கி பற்றி டெக்சஸிலிருந்து நான்கு கடிதங்கள்

கேள்வி: மனைவி கைப்பையில் வைத்துக்கொள்ள, இருப்பதிலேயே சின்னத் துப்பாக்கி வாங்கப் போகிறேன். கடைக்காரர் சுமார் 270 கிராம் எடையுள்ள ரூகர் எல்சிபியைக் காட்டினார். வாங்கலாமா? (ஹூஸ்டன்)

பதில்: உங்கள் மனைவி அதைப் பிடித்துப் பார்த்தாரா? கடிதத்தில் அவருடைய பேச்சே இல்லையே.

பெண்ணுக்கு என்றதும் சின்னதாக ஒன்றை எடுத்து வைக்கும் கடைக்காரர்கள் மேல் எனக்குப் பல வருடக் கோபம். துப்பாக்கி எவ்வளவு லேசோ, அவ்வளவு பலமாகக் கையை உதைக்கும். பிடி குட்டையாக இருப்பதால் சுண்டுவிரலுக்கு இடம் இருக்காது. குழலும் குட்டை என்பதால் குறி பார்ப்பதில் கொஞ்சம் பிசகினாலும் குண்டு எங்கோ போகும். வருடக்கணக்கில் சுட்டுப் பழகியவர்களே சிரமப்படும் பொருள் அது. அதைப் போய், முதல்முறை தொடுகிறவர் கையில் கொடுக்கிறார்கள்.

சின்னதே நல்லது என்ற பேச்சை நம்பி, சுமார் 400 கிராம் எடையில் ஐந்து குண்டு ரிவால்வர் ஒன்றை நானும் வாங்கினேன். முதல் நாள் இருபது ரவுண்டு சுடுவதற்குள் கட்டைவிரல் அடியில் தோல் உரிந்துவிட்டது. அப்புறம் ஆறு மாதம் ரேஞ்ச், அதாவது சுட்டுப் பழகும் இடத்தின் பக்கமே போகவில்லை. சுட்டுப் பழகாமலே அதை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அது பெரிய தப்பு.

வாடகைக்குத் துப்பாக்கி தரும் ரேஞ்சுக்கு அவரை அழைத்துப் போங்கள். சுமார் 500 கிராம் எடையுள்ள சிக் சாவர் பி365, ஸ்லைடை (குண்டேற்ற இழுக்கும் மேல்பகுதியை) எளிதாக இழுக்க முடிகிற ஸ்மித் அண்ட் வெஸன் ஷீல்டு ஈசி, இன்னும் கொஞ்சம் பெரிய கிளாக் 19 மூன்றிலும் ஐம்பது ஐம்பது ரவுண்டாவது சுடட்டும். எல்சிபிக்கான .380 என்ற வகைக் குண்டு பெரும்பாலும் 9 எம்எம் வகைக் குண்டைவிட விலை அதிகம் என்பதையும் கணக்கில் வையுங்கள். எது வேண்டும் என்று அவர் சொல்லட்டும். விற்ற துப்பாக்கியைப் பெரும்பாலான கடைகள் திருப்பி எடுப்பதில்லை.

கைப்பை வேண்டாம். 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலம் ஹெய்டனில், கடைத் தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுக் குழந்தை அம்மாவின் கைப்பையிலிருந்த துப்பாக்கியை எடுத்தது, அது வெடித்தது. அம்மா அங்கேயே இறந்துபோனார். துப்பாக்கி வைப்பதற்கென்றே தனி அறை வைத்துத் தைத்த பை அது.

கேள்வி: நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். மனைவியிடம் கிரீன் கார்டு இருக்கிறது. அவர் பெயரில் வாங்கி நான் வைத்துக்கொள்ளலாமா? (டாலஸ்)

பதில்: கூடாது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, உங்கள் விசாவில் துப்பாக்கி வைத்திருப்பதே கூட்டாட்சிக் குற்றம். உண்மையில் வாங்குபவர் யார் என்று, கடையில் துப்பாக்கி வாங்கும்போது நிரப்பும் 4473 படிவம் கேட்கும். அதில் மனைவி பொய் எழுதினால் சிறை, அதோடு கிரீன் கார்டும் போகலாம். உங்கள் ஆசைக்கு அவரை ஏன் மாட்டிவிடுகிறீர்கள்?

கேள்வி: 650 டாலருக்குத் துப்பாக்கி வாங்கினேன். 12 டாலர் துணி ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை) போதுமா? (ஆஸ்டின்)

பதில்: போதாது. துணி மடங்கி விசைக்குள் போனால் தொடையில் குண்டு பாயும். உங்கள் மாடலுக்கென்றே வார்த்த, விசையை முழுக்க மூடும் கைடெக்ஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் ஹோல்ஸ்டரும் கெட்டியான பெல்ட்டும் வாங்குங்கள். சுமார் நூறு டாலர் ஆகும். அது இல்லாதவரை துப்பாக்கி பூட்டிய பெட்டியில் இருக்கட்டும்.

கேள்வி: பாதி விலை, வீட்டுக்கே அனுப்புகிறோம் என்ற இணையக் கடைக்கு, வங்கிக் கணக்கிலிருந்து பணம் அனுப்பும் ஜெல் (Zelle) சேவை மூலம் 380 டாலர் அனுப்பினேன். இப்போது 'காப்பீட்டுக்கு' இன்னும் 150 கேட்கிறார்கள். வீட்டில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. (சான் அன்டோனியோ)

பதில்: வெட்கப்பட வேண்டியவர்கள் அவர்கள். இன்றே வீட்டில் சொல்லுங்கள். அந்த 150-ஐ அனுப்பாதீர்கள். வங்கியைக் கூப்பிட்டு மோசடி என்று பதிவு செய்யுங்கள், எஃப்பிஐயின் இணையக் குற்றப் புகார்த் தளமான ஐசி3-யிலும் புகார் கொடுங்கள். இணையத்தில் புதுத் துப்பாக்கி விற்கும் நேர்மையான கடை அதை உங்கள் ஊர் உரிமம் பெற்ற கடைக்குத்தான் அனுப்பும். அங்கே போய்ப் படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்து வாங்க வேண்டும். ஜெல்லில் போன பணம் திரும்புவது கடினம். ஆனாலும் வங்கி முதலில் இல்லை என்றால் விடாதீர்கள், எழுத்தில் கேளுங்கள். பதில் வந்ததும் எனக்கும் எழுதுங்கள்.