‘கம்’முடன் ‘ஹோம்’ ஏன் சேராது? ஆங்கில ரைமும் ஒரு சொல்லின் பல கருத்துகளும்

கேள்வி: என் மகள் தரம் 7இல் படிக்கிறாள். ஆங்கிலப் பாடத்தில் ரைமிங் சொற்கள், அதாவது ஒலி ஒத்து முடியும் சொற்கள், எழுதச் சொன்னால், கடைசி எழுத்துகள் ஒத்திருக்கிற சொற்களைத் தேடி எழுதுகிறாள். ‘கம்’ (வா) என்ற சொல்லுக்கு ‘ஹோம்’ (வீடு) என்று எழுதிப் பிழை வாங்கினாள். ஒரு சொல்லுக்கு ஒரு கருத்துக்கு மேல் தெரியாமலும் இருக்கிறது. ‘டேங்க்’ என்றால் தண்ணீர்த் தாங்கி என்று பாடமாக்கி வைத்திருந்தவள், ‘கந்தளாய் டேங்க்’ என்று வாசித்ததும் குழம்பிவிட்டாள். எனக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் தெரியும். வீட்டில் வைத்து எப்படிப் பழக்கலாம்?
ஒரு தாய், உவர்மலை, திருகோணமலை

பதில்: தமிழில் எழுத்தைப் பார்த்தாலே பெரும்பாலும் ஓசை தெரிந்துவிடும். அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குள் போகிற பிள்ளை, எழுத்து ஒத்தால் ஓசையும் ஒக்கும் என்றுதான் நினைக்கும். ஆங்கில எழுத்துகள் 26. பிரித்தானிய உச்சரிப்பில் அவை தாங்கும் ஒலிகள் ஏறத்தாழ 44. அதனால் ஒரே எழுத்துக்கூட்டு பல விதமாக ஒலிக்கும். ஒரே ஓசை பல எழுத்துக்கூட்டுகளில் வரும். ரைம் பார்ப்பது காதின் வேலை என்பதை மகளுக்கு முதலில் சொல்லுங்கள். சொற்களைக் கொப்பியில் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு சொல்லிப் பார்க்கட்டும்.

சோதிக்கும் முறை இதுதான். சொல்லை இயல்பான வேகத்தில் உரத்துச் சொல்ல வேண்டும். அதில் அழுத்தம் விழும் உயிரொலியைப் பிடிக்க வேண்டும். அந்த உயிரிலிருந்து சொல் முடியும்வரை இரண்டு சொற்களும் அச்சொட்டாக ஒலிக்க வேண்டும். அந்த உயிருக்கு முன்னால் நிற்கும் மெய் மட்டும் வேறாக இருக்க வேண்டும். ‘லைட்’, ‘நைட்’ இரண்டிலும் ஐகார ஓசையிலிருந்து முடிவுவரை ஒன்று, முன்னால் நிற்கும் மெய்கள் வேறு. ஆகவே சேரும். ‘கம்’ என்பதில் வருவது அகரத்தை ஒட்டிய குறுகிய ஓசை, ‘ஹோம்’ என்பதில் வருவது ஓகாரத்தை ஒட்டிய நீண்ட ஓசை. எழுதும்போது இரண்டுமே ஓ, எம், ஈ என்று முடிந்தாலும் சேராது. ‘கம்’ என்பதற்குச் சேருபவை ‘சம்’ (கூட்டுத்தொகை), ‘ட்ரம்’ (மேளம்), ‘தம்’ (பெருவிரல்). ‘ஹோம்’ என்பதற்குச் சேருபவை ‘ஃபோம்’ (நுரை), ‘கோம்’ (சீப்பு). பெருவிரலும் சீப்பும் ஆங்கிலத்தில் எம், பி என்ற ஒரே எழுத்துகளில் முடிகின்றன, இரண்டிலும் கடைசி பி ஒலிப்பதில்லை. ஆனாலும் ஒன்று ஒரு பக்கத்துக்கும் மற்றது மறுபக்கத்துக்கும் போய்விடுகிறது. இந்த நான்கைந்து சொற்களை வைத்து ஒரு மாலை பழகினாலே மகளுக்குப் பாதி விளங்கிவிடும்.

தமிழ் யாப்பில் எதுகை அடியின் இரண்டாம் எழுத்தில் அமைகிறது, இயைபு அடியின் இறுதியில் அமைகிறது. ஆங்கில ரைமுக்குக் கிட்ட நிற்பது இயைபு. ஆனால் இயைபில் குரல் அழுத்தத்துக்கு வேலை இல்லை. ஆங்கிலத்தில் அதுதான் அளவுகோல். அதனால் ‘சிங்கிங்’, ‘வாக்கிங்’ இரண்டும் ‘இங்’ என்று முடிகின்றன என்பதற்காக ரைமாக எழுதினால் பிழை. அழுத்தம் ‘சிங்’ என்பதிலும் ‘வாக்’ என்பதிலும் விழுகிறது. எனவே ‘சிங்கிங்’ என்பதற்கு ‘ரிங்கிங்’ சேரும், ‘வாக்கிங்’ என்பதற்கு ‘டாக்கிங்’ சேரும். நம் பிள்ளைகள் அதிகம் மதிப்பெண் இழக்கும் இடம் இது என்பதால் கூடுதல் நேரம் கொடுங்கள்.

இன்னொரு தடை, ஆங்கிலச் சொல்லுக்கு மேலே பென்சிலால் தமிழில் உச்சரிப்பு எழுதி வைப்பது. முதல் வாசிப்புக்கு அது கைகொடுக்கும். ரைமுக்கு வந்தால் ஏமாற்றிவிடும். சோறும் ‘ரைஸ்’, எழுவதும் ‘ரைஸ்’. விலையும் ‘ப்ரைஸ்’, பரிசும் ‘ப்ரைஸ்’. தமிழில் எழுதினால் ஒன்று, ஆங்கிலத்தில் இவை ரைம்கூட ஆகா. தொண்டையில் விரலை வைத்துச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். சோற்றைக் குறிக்கும் சொல்லின் கடைசி ஒலியில் தொண்டை அதிராது, எழுவதைக் குறிக்கும் சொல்லில் அதிரும். அதிர்வுள்ள ஒலிக்கு முன்னால் வரும் உயிரும் சற்று நீளும். முதுகையும் பையையும் குறிக்கும் ‘பேக்’ இரண்டுக்கும், தொப்பியையும் வாடகைக் காரையும் குறிக்கும் ‘கேப்’ இரண்டுக்கும் இதே சோதனை பொருந்தும். நம் பக்கத்தில் ஆங்கில டகரத்தை ரகரமாகவும் றகரமாகவும் எழுதும் வழக்கம் வேறு இருக்கிறது. ‘ரைம்’ என்று எழுதினால் நேரமா, ஒலியொப்பா என்பதே தெரியாமல் போய்விடும். இந்தப் பதிலில் சொற்களைத் தமிழில் தந்திருப்பது நீங்கள் வாசிப்பதற்காக. மகளின் கொப்பியில் ஆங்கில எழுத்து மட்டும் இருக்கட்டும்.

இனி கருத்துகள். பிள்ளைக்குப் புரியவைக்கத் தமிழிலிருந்தே தொடங்கலாம். ‘படி’ என்றால் வாசி, மாடிப்படி, அளக்கும் படி. வசனத்தைக் கேட்டதும் எது என்று மகளுக்குத் தெரிகிறது. ஆங்கிலத்திலும் அதே திறமைதான் வேண்டும், வசனம் போதிய அளவு பழகவில்லை என்பதுதான் குறை.

அவளைக் குழப்பிய ‘டேங்க்’ நல்ல தொடக்கம். ‘பேங்க்’, ‘ரேங்க்’, ‘தேங்க்’, ‘ப்ளேங்க்’ எல்லாம் அதோடு சேரும் குடும்பம். ஒரு திரவத்தைச் சேர்த்து வைக்கும் பெரிய கொள்கலன் ‘டேங்க்’. வீட்டுக் கூரையில் இருக்கும் தண்ணீர்த் தாங்கியும் சீனக்குடாவில் பிரித்தானியர் காலத்தில் கட்டிய எண்ணெய்க் குதங்களும் அதில் அடங்கும். இந்தியாவிலும் இலங்கையிலும் வழங்கும் ஆங்கிலத்தில் நீர்ப்பாசனக் குளமும் ‘டேங்க்’. கந்தளாய்க் குளம் அப்படித்தான் வந்தது. யுத்த டாங்கி மூன்றாவது. முதலாம் உலகப் போரில் அந்த வண்டியைப் பிரித்தானியர் இரகசியமாகச் செய்தபோது, தண்ணீர்த் தாங்கி செய்வதுபோல் காட்டிக்கொள்ள வைத்த மறைபெயர் அப்படியே நிலைத்துவிட்டது. 1916 செப்டெம்பரில் அது முதன்முதலாகக் களமிறங்கியது. இப்படி ஒரு கருத்திலிருந்து இன்னொன்று கிளைத்த வழி தெரிந்தால் பாடமாக்கும் பாரம் குறைகிறது.

‘பேங்க்’ வேறு மாதிரி. ஆற்றங்கரையைக் குறிப்பது ஒரு சொல், பணம் போடும் வங்கி வேறொரு சொல். இரண்டும் ஆங்கிலத்துக்குள் வெவ்வேறு வழியாக வந்தவை. இரத்த வங்கி பண வங்கியிலிருந்து கிளைத்தது. பருத்தித்துறைக்கு அப்பால் உள்ள மீன்பிடித் தளமான ‘பெட்ரோ பேங்க்’ கரையைக் குறிக்கும் சொல்லிலிருந்து கிளைத்தது. கடலடியில் உயர்ந்து நிற்கும் திடல் அது. நல்ல அகராதிகளில் இந்த வேறுபாட்டைக் கண்ணால் காணலாம். சொல்லின் தலையில் சின்னதாக 1, 2 என்று போட்டுத் தனித்தனியாகத் தந்திருந்தால் பெரும்பாலும் அவை தனித்தனிச் சொற்கள். ஒரு தலைச்சொல்லின் கீழே 1, 2, 3 என்று வந்தால் அவை ஒரே சொல்லின் கிளைகள். அதே அகராதியில் உச்சரிப்புக் குறியையும் பார்க்கப் பழக்குங்கள். அசைக்கு முன்னால் மேலே நிற்கும் சிறு நெடுக்கோடு அழுத்தத்தைக் காட்டும். உயிரை அடுத்து வரும் இரண்டு புள்ளிகள் அது நெடில் என்று காட்டும்.

திருகோணமலைப் பிள்ளைக்கு மிகவும் பயன்படக்கூடிய குடும்பம் ‘சேல்’ என்று ஒலிப்பது. அதில் எழுத்துக்கூட்டு இரண்டு வகை. பாய்மரப் பாயும் பாய் விரித்துச் செல்வதும் ஒரு எழுத்துக்கூட்டில் ‘சேல்’, விற்பனை இன்னொரு எழுத்துக்கூட்டில் ‘சேல்’. இவை ஓசை ஒன்றான சொற்கள். முன் மெய்யும் ஒன்றாகிவிட்டதால் பயிற்சிகளில் ஒன்றுக்கு மற்றதை ரைமாக எழுதக்கூடாது. வாலும் கதையும் அப்படியே இரண்டு ‘டேல்’. ‘நேல்’ என்றால் நகம், ஆணி, ஆணி அடித்தல். ‘வேல்’ திமிங்கிலம். ‘ஸ்கேல்’ என்பதுதான் இவற்றில் வளமானது: மீன் செதில், எடை பார்க்கும் தராசு, வரைபடத்தின் அளவுத்திட்டம், சங்கீதத்தின் சுரவரிசை, மலையேறுதல். மீன் சந்தையில் ஒரே மேசையில் செதிலையும் தராசையும் காட்டி இரண்டு வசனம் சொல்லச் சொன்னால் மகள் மறக்கமாட்டாள்.

‘காஸ்ட்’, ‘மாஸ்ட்’, ‘பாஸ்ட்’, ‘ஃபாஸ்ட்’ என்பது இன்னொரு குடும்பம். வலை வீசுவது, நாடகத்தின் நடிகர் குழு, முறிந்த கைக்குப் போடும் மாவுக்கட்டு, உலோகத்தை அச்சில் வார்ப்பது எல்லாம் ‘காஸ்ட்’. ‘மாஸ்ட்’ பாய்மரக் கம்பம். ‘ஃபாஸ்ட்’ வேகமாக என்றும் வரும், விரதம் என்றும் வரும், இறுக்கமாக என்றும் வரும். கயிற்றை இறுகக் கட்டு என்னும் வசனத்தில் வருவதை ‘வேகமாகக் கட்டு’ என்று மொழிபெயர்த்தால் பொருளே மாறிவிடும். கன்னியாவின் வெந்நீர்க் கிணறுகளைப் பற்றி ஆங்கிலத்தில் வாசித்தால் ‘வெல்’, ‘ஸ்ப்ரிங்’ இரண்டும் வரும்: முதலாவது கிணறு, நன்றாக, இரண்டாவது ஊற்று, இளவேனில், சுருள்வில், துள்ளுதல்.

எந்தக் கருத்தை எடுப்பது என்று தீர்மானிக்க இரண்டு பார்வை போதும். முதலில் சொல்லுக்கு முன்னால் என்ன நிற்கிறது என்று பாருங்கள். ‘ஏ’ அல்லது ‘த’ நின்றால் பெரும்பாலும் பெயர்ச்சொல், ‘டு’ நின்றால் பெரும்பாலும் வினை. அடுத்ததாக அயலில் நிற்கும் சொற்கள். ‘மவுத்’துக்குப் பக்கத்தில் ஆறு வந்தால் வாய் இல்லை, முகத்துவாரம், மகாவலி கொட்டியாரக்குடாவில் கடலோடு சேரும் இடம்போல.

கடலோரச் சொற்களில் ஒரு பொறி இருக்கிறது. எழுத்துக்கூட்டு ஒன்றாகவே இருந்து, கருத்து மாறும்போது ஓசையும் மாறும் சொற்கள் உண்டு. வில் என்றால் ‘போ’, ‘கோ’ என்பதோடு சேரும்; தலைவணங்குதல், வள்ளத்தின் அணியம் என்றால் ‘பௌ’, ‘நௌ’ என்பதோடு சேரும். வரிசையும் துடுப்புப் போடுவதும் ‘ரோ’, சச்சரவு ‘ரௌ’. காற்று ‘விண்ட்’, சுற்றுதல் ‘வைண்ட்’, அது ‘கைண்ட்’ என்பதோடு சேரும். கண்ணீர் ‘டியர்’, திருகோணமலைக் கோட்டையில் மேயும் மானைக் குறிக்கும் ‘டியர்’ என்பதோடு ரைம் ஆகும். அதே எழுத்துகளில் கிழித்தல் ‘டேர்’ என்று ஒலித்துக் கரடியோடு சேரும். இவற்றைக் கருத்து தெரியாமல் ரைம் பார்க்க முடியாது. ஒலியையும் கருத்தையும் ஒன்றாகப் படிக்கச் சொல்வது இதனால்தான்.

எழுத்து ஏன் இப்படி ஏமாற்றுகிறது என்று மகள் கேட்டால் சுருக்கமாகச் சொல்லலாம். வில்லியம் கக்ஸ்டன் என்பவர் 1476இல் இங்கிலாந்தின் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவினார். அச்சு பரவப் பரவ எழுத்துக்கூட்டு மெல்ல மெல்ல உறைந்தது. நெடில் உயிர்களின் உச்சரிப்போ அந்த நூற்றாண்டிலும் அடுத்து வந்தவற்றிலும் மாறிக்கொண்டே போனது. ஜி, எச் என்று இன்று மௌனமாக நிற்பவை முன்பு தொண்டையில் ஒலித்தவை. ‘த்ரூ’, ‘தோ’, ‘டஃப்’, ‘காஃப்’ நான்கும் ஓ, யூ, ஜி, எச் என்ற ஒரே நான்கெழுத்தில் முடிந்தும் ஒன்றோடொன்று சேராததற்குக் காரணம் அதுதான். ‘ஹைட்’ (உயரம்), ‘வெயிட்’ (எடை) என்பவையும் அந்த வகை. இவற்றுக்கு விதி தேட வேண்டாம், கேட்டுப் பழகுவதே வழி.

பழக்கும் விதம்: 80 பக்கக் கொப்பி ஒன்று எடுத்து, எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டை ஒரு குடும்பத்துக்கு ஒதுக்குங்கள். இடப்பக்கத்தில் சொற்களை எழுத்துக்கூட்டு வகைப்படி பிரித்து எழுத வேண்டும். வலப்பக்கத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டு கருத்து, கருத்துக்கு ஒரு வசனம். ஒரு நாளைக்கு மூன்று சொல்லும் 15 நிமிடமும் போதும். எல்லாக் கருத்தையும் பிடிக்க முயல வேண்டாம். ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘செட்’ என்ற ஒரு சொல் மட்டும் 400க்கு மேற்பட்ட கருத்துகளோடு இருக்கிறது. வாசிக்கும்போது மூன்றாவது கருத்து எதிர்ப்பட்டால், வந்த வசனத்தோடு அந்தப் பக்கத்திலேயே சேர்த்துக்கொள்ளலாம். அதற்காக வரி விட்டு எழுதுங்கள்.

உங்களுக்கு ஆங்கிலம் சரளமாக வராதது தடையாகாது. கைத்தொலைபேசியில் உச்சரிப்பு ஒலிக்கும் அகராதியைத் திறந்து இரண்டு சொற்களை அடுத்தடுத்து ஒலிக்கவிடுங்கள். திரையை மகள் பார்க்கக்கூடாது. சேரும், சேராது என்று அவள் சொல்லட்டும். பிறகு எழுத்தைக் காட்டுங்கள். வாரத்தில் ஒரு நாள் ஓசை ஒன்றான சொற்களை வசனத்தோடு சொல்லி எழுதவிடலாம். தனிச் சொல்லாகச் சொன்னால் எந்த ‘டேல்’ என்று அவளால் எழுத முடியாது.

இணையத்தில் ரைம் தேடித் தரும் பக்கங்களைப் பயன்படுத்துவதானால் ஒன்றைக் கவனியுங்கள். அவற்றில் பல அமெரிக்க உச்சரிப்பில் அமைந்தவை. பிரித்தானிய உச்சரிப்பில் கோட்டையைக் குறிக்கும் ‘ஃபோர்ட்’ என்பதும் பிடித்தான் என்னும் ‘கோட்’ என்பதும் ரகரம் ஒலிக்காததால் சேர்ந்துவிடும். அமெரிக்கர் ரகரத்தை ஒலிப்பதால் அங்கே சேராது. எங்கள் பாடசாலைகள் பெரும்பாலும் பிரித்தானிய வழக்கையே பின்பற்றுவதால், அகராதியில் ஒலி கேட்கும்போதும் பிரித்தானிய உச்சரிப்பைத் தெரிவுசெய்யுங்கள். அந்தப் பக்கங்கள் முழு ரைமையும், ஓசை ஓரளவு மட்டும் ஒக்கும் அரை ரைமையும் தனித்தனியாகப் பட்டியலிட்டிருக்கும். கவிஞர்கள் அரை ரைமை விரும்பிக் கையாளுவார்கள்; தரம் 7 பயிற்சிக்கு முழு ரைம் பட்டியலிலிருந்து மட்டும் எடுக்கச் சொல்லுங்கள்.